எண்ணூர் மண்ணில் கிடைத்த பாக்டீரியா புதியதா? வகைப்படுத்தும் முறை, முதலிலிருந்து

ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. உலகம் முழுவதும் இதுவரை முறைப்படி பெயர் பெற்ற பாக்டீரியா சிற்றினங்களோ இருபதாயிரத்துச் சொச்சம்தான். ஆகவே எண்ணூர் முகத்துவாரத்திலோ மணலியிலோ கொசஸ்தலையாற்றின் கரையிலோ எடுத்த மண்ணில் பெயரில்லாத ஒன்று கிடைப்பது வியப்பே இல்லை. அது பெயரில்லாததுதான் என்று நிறுவுவதுதான் கடினம்.

காரணம் எளிது. ஒரு பாக்டீரியாவைத் தனியாக வைத்துப் பார்த்து அது புதியது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு மிக நெருங்கிய சொந்தங்கள் யார் யார் என்று கண்டுபிடித்து, அவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, விலகல் போதுமான அளவு இருக்கிறதா என்று அளக்க வேண்டும். வகைப்படுத்தலின் எல்லாப் படிகளும் இந்த ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: யாரோடு ஒப்பிட்டால் இது வேறு? கல்லூரி ஆய்வறிக்கைகளில் வரும் 'புதிய சிற்றினம்' என்ற கூற்றுகள் பெரும்பாலும் சரிவது இந்த ஒப்பீட்டில்தான். தப்பான சொந்தத்தோடு ஒப்பிட்டிருப்பார்கள், அல்லது கையில் இருந்த வளர்ப்பே (ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த பாக்டீரியாக் கூட்டம்) தூய்மையாக இருந்திருக்காது.

பாக்டீரியாவில் சிற்றினம் என்றால் என்ன?

விலங்குகளில், தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்து வளமான குட்டிகளை ஈனக்கூடியவை ஒரே சிற்றினம் என்று பள்ளியில் படித்திருப்போம். பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகுகிறது. அங்கே இந்த விதிக்கு வேலையில்லை. போதாக்குறைக்கு, அது அண்டை வீட்டு பாக்டீரியாவிடமிருந்து மரபணுக்களை நேரடியாக வாங்கிக்கொள்ளவும் செய்கிறது. அதனால் நடைமுறையில் சிற்றினத்தை ஒரு மாதிரியை மையமாக வைத்து வரையறுக்கிறார்கள். ஒவ்வொரு சிற்றினத்துக்கும் டைப் ஸ்ட்ரெய்ன் என்று ஒரு குறிப்பிட்ட வளர்ப்பு உண்டு. கடையில் இருக்கும் முத்திரையிட்ட எடைக்கல்லைப் போன்றது அது. மற்ற எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் நிறுக்க வேண்டும். உங்கள் பாக்டீரியா அந்த மாதிரியிலிருந்து ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் அதே சிற்றினம். எந்த டைப் ஸ்ட்ரெய்னுக்கும் அந்த அளவுக்குள் வரவில்லை என்றால் மட்டுமே புதியது.

இங்கே வடசென்னைக்கு மிகவும் பொருந்தும் ஓர் எச்சரிக்கை. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. இப்படிப்பட்ட இடத்தில் 'எண்ணெய் தின்னும் பாக்டீரியா'வைத் தேடுவது நியாயமான ஆர்வம். ஆனால் எண்ணெயைச் சிதைக்கும் திறன் ஒரு பாக்டீரியாவின் அடையாளம் ஆகாது. சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ், அல்கானிவோராக்ஸ் என்று ஒன்றோடொன்று நெருங்கிய தொடர்பில்லாத பேரினங்களில் அந்தத் திறன் இருக்கிறது. பல நேரங்களில் அதற்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருந்துகொண்டு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். நுண்ணுயிரியலாளர் ஆனந்த சக்ரவர்த்தி அப்படிப்பட்ட பிளாஸ்மிட்களை ஒரே சூடோமோனாஸில் சேர்த்துத்தான் காப்புரிமை கேட்டார். 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. செய்யும் வேலையைப் பார்த்து வகைப்படுத்தினால் ஏமாந்துபோவோம். வம்சாவளியைப் பார்க்க வேண்டும்.

மண் எடுக்கும்போதே தொடங்கும் வேலை

மேலே இரண்டு சென்டிமீட்டர் மண்ணை ஒதுக்கிவிட்டு, 5 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து 50 முதல் 100 கிராம் வரை எடுத்தால் போதும். கரண்டியை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டுப் பயன்படுத்துங்கள். மலட்டுப் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். வெயிலில் நின்ற வண்டியின் பெட்டியில் இரண்டு மணி நேரம் கிடந்த மண், நீங்கள் எடுத்த மண் அல்ல. சூட்டைத் தாங்கும் வித்துகளை உடைய பேசிலஸ் வகைகள் மட்டும் அதில் மிஞ்சி நிற்கும்.

இடத்தைக் குறிக்கும்போது ஜிபிஎஸ் எண்ணோடு மண்ணின் பிஎச் அளவையும் உப்பின் அளவையும் சேர்த்து எழுதுங்கள். வடசென்னையில் இது வெறும் சடங்கு இல்லை. வியாசர்பாடியில் ஒரு வீட்டுத் தோட்டத்து மண்ணும், கடல் நீர் ஏறி இறங்கும் எண்ணூர் கழிமுகத்துச் சேறும், அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த மண்ணும் சில கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று தனி உலகங்கள். அடுத்து எந்த வளர் ஊடகத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதே இந்த எண்களைப் பொறுத்தது. கொடுங்கையூர் குப்பை மேடு, தொழிற்சாலை வளாகங்கள் போன்ற இடங்களில் அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். கையுறையும் தடித்த பூட்ஸும் கட்டாயம். குப்பை மண்ணில் ஊசியும் கண்ணாடியும் கிடக்கும்.

தட்டில் வளர்ப்பதும், பொறுமையும்

10 கிராம் மண்ணை 90 மில்லி மலட்டு உப்பு நீரில் போட்டு அரை மணி நேரம் குலுக்குங்கள். அதிலிருந்து 1 மில்லியை எடுத்து 9 மில்லியில் கலந்தால் நூறில் ஒன்று. அதிலிருந்து மறுபடி 1 மில்லி என்று பத்து லட்சத்தில் ஒன்று வரை நீர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் புது பைபெட் முனை. கடைசி மூன்று நீர்த்தல்களிலிருந்து 0.1 மில்லி எடுத்து, அகார் (கடற்பாசிக் கூழ்) ஊடகம் ஊற்றிய தட்டில் பரப்ப வேண்டும். ஒரு தட்டில் 30 முதல் 300 காலனிகள் (செல்கள் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள்) வரை இருந்தால்தான் எண்ணத் தகுந்தது. லட்சத்தில் ஒன்று நீர்த்த தட்டில் 85 காலனிகள் என்றால் 85-ஐ 10-ஆலும் ஒரு லட்சத்தாலும் பெருக்குங்கள்: கிராமுக்கு 8.5 கோடி. அதுவும் அந்த ஊடகத்தில் வளர ஒப்புக்கொண்டவை மட்டும்தான். மண்ணில் இருப்பவற்றில் பெரும்பகுதி தட்டில் வளருவதே இல்லை. ஒரு சதவீதம் வளர்ந்தாலே நல்லது என்பது பொதுவான கணக்கு.

நீர்க்கும் உப்பு நீர் வழக்கமாக 0.85 சதவீதம். கழிமுகச் சேற்றுக்கு அது போதாது. கடல் உப்புக்குப் பழகிய செல்களைத் திடீரென்று நீர்த்த கரைசலில் போட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து பல வெடித்துவிடும். அங்கே 2 முதல் 3 சதவீத உப்பை நீர்க்கும் கரைசலிலும் ஊடகத்திலும் சேர்க்க வேண்டும், அல்லது கடல் பாக்டீரியாவுக்கான ஜோபெல் அகாரைப் பயன்படுத்த வேண்டும்.

புதியவற்றைத் தேடுவோர் செய்யும் பெரிய தப்பு, சத்து நிறைந்த நியூட்ரியன்ட் அகாரில் பரப்பி, மறுநாள் காலையில் தெரிந்த காலனிகளை எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடுவது. ஒரே இரவில் தட்டை நிறைப்பவை பெரும்பாலும் பேசிலஸ், சூடோமோனாஸ் வகைகள். நூறாண்டுகளாக எல்லோர் தட்டிலும் முதலில் வந்தவை அவைதான், அதனால் நன்றாக ஆராயப்பட்டவை. சத்துக் குறைந்த ஆர்2ஏ அகாரில் பரப்பி, 28 டிகிரி செல்சியஸில் ஏழு முதல் பதினான்கு நாள் வரை வைத்திருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு எட்டிப் பார்க்கும் குண்டூசித் தலையளவு காலனிகளில்தான் பெயரில்லாதவை கிடைக்க வாய்ப்பு அதிகம். இந்தக் காத்திருப்பில் பூஞ்சை தட்டை மூடிவிடாமலிருக்க, மில்லிக்கு 50 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்சிமைடு சேர்ப்பார்கள். அது மனிதருக்கும் நஞ்சு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

சென்னைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. செய்முறை நூல்களில் 'அறை வெப்பநிலை' என்று எழுதியிருப்பது 20 முதல் 25 டிகிரியை. மே மாதத்தில் தண்டையார்பேட்டையில் ஏசி இல்லாத அறை 35 டிகிரியைத் தொடும். மேசை மேல் வைத்த தட்டும் இன்குபேட்டரில் வைத்த தட்டும் ஒன்றல்ல. ஈரப்பதமும் கவனிக்க வேண்டியது: தட்டின் மூடியில் நீர் கோத்துச் சொட்டினால் காலனிகள் ஒன்றோடொன்று கரைந்து கலந்துவிடும். ஊற்றிய தட்டுகளை ஓரிரவு உலரவிட்டு, எப்போதும் கவிழ்த்தே வையுங்கள்.

தூய்மை

ஒரு காலனியைத் தொட்டு எடுத்து, புதுத் தட்டில் கோடு இழுத்து, தனித்து நிற்கும் காலனியை மறுபடி எடுத்து மறுபடி கோடு இழுக்க வேண்டும். குறைந்தது மூன்று முறை. மெதுவாக வளரும் வகைக்கு ஐந்து முறை. இதைக் குறைத்தால் பின்னால் வரும் எல்லாச் செலவும் வீண். பிசின் போல வழவழப்பாக இருக்கும் காலனிகளுக்குள் வேறு செல்கள் ஒளிந்திருக்கும். கண்ணுக்கு ஒரே காலனி, ஆனால் டிஎன்ஏ இரண்டு. ஒவ்வொரு முறையும் தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பெரிய காலனிகளுக்கு நடுவே மிகச் சிறியவை தென்பட்டால் அங்கேயே நிறுத்திப் பிரித்தெடுங்கள்.

தூய்மையான வளர்ப்பு கிடைத்த அன்றே 20 சதவீத கிளிசரால் சேர்த்து ஐந்தாறு குழாய்களில் மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள். சாதாரண ஃப்ரீசரின் மைனஸ் 20 டிகிரி மாதக்கணக்கில் தாங்காது. மின்வெட்டில் உருகி மறுபடி உறைந்தால் செல்கள் மளமளவென்று சாகும். முடிந்தால் இரண்டு வெவ்வேறு கட்டடங்களில் வையுங்கள்.

நுண்ணோக்கி சொல்வது

ஃபெர்டினான்ட் கோன் 1872-இல் பாக்டீரியாக்களை உருவத்தை வைத்துப் பிரித்தார். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் சாயமேற்றும் முறையை வெளியிட்டார். இரண்டும் இன்றும் முதல் படி. கிரிஸ்டல் வயலெட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், 95 சதவீத ஆல்கஹால் 10 முதல் 20 வினாடி, சாஃப்ரனின் ஒரு நிமிடம். ஊதாவாக நின்றால் கிராம்-பாசிட்டிவ், இளஞ்சிவப்பானால் கிராம்-நெகட்டிவ். தப்பு நடப்பது ஆல்கஹாலில். கூடுதலாக ஊற்றினால் பாசிட்டிவும் நிறமிழந்து நெகட்டிவாகத் தெரியும். இரண்டு நாள் பழைய பேசிலஸ் வளர்ப்பும் அப்படித்தான் ஏமாற்றும், அதனால் வேகமாக வளரும் வகைக்கு 18 முதல் 24 மணி நேர வளர்ப்பையே பயன்படுத்துங்கள். சந்தேகமிருந்தால் கண்ணாடித் தகட்டில் 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, செல்களைக் கலக்கி ஊசியைத் தூக்கிப் பாருங்கள். நூல் போல இழுபட்டால் பெரும்பாலும் கிராம்-நெகட்டிவ்.

கேட்டலேஸ், ஆக்சிடேஸ் எனும் நொதிகளுக்கான சோதனைகளும் இந்தக் கட்டத்திலேயே நடக்கும். ஆக்சிடேஸுக்கு நிக்ரோம் கம்பியால் செல்லை எடுக்காதீர்கள். அதிலுள்ள இரும்பு பொய்யான நிறம் காட்டும். மரக்குச்சியோ பிளாஸ்டிக் லூப்போ போதும்.

இவை எல்லாம் எந்த வீதி என்று சொல்லும், எந்த வீடு என்று சொல்லாது. இருபது உயிர்வேதிச் சோதனைகள் அடங்கிய ஆயத்தப் பெட்டிகளும் அப்படியே. அவை மருத்துவமனைக் கிருமிகளுக்காகத் தயாரித்தவை. மண் பாக்டீரியாவைக் கொடுத்தால், தன் பட்டியலில் இருக்கும் ஏதோ ஒரு பெயரைக் கூசாமல் சொல்லிவிடும்.

16எஸ்: சொந்தங்களைத் தேடும் மரபணு

வம்சாவளிக்கு வருவோம். எல்லா பாக்டீரியாவிலும் புரதம் செய்யும் ரைபோசோம் உண்டு. அதன் ஒரு பகுதியான 16எஸ் ஆர்ஆர்என்ஏ-வுக்குரிய மரபணு சுமார் 1,500 எழுத்து நீளம். அதில் எல்லோருக்கும் பொதுவாக மாறாமல் நிற்கும் பகுதிகளும், வம்சத்துக்கு வம்சம் மாறும் ஒன்பது பகுதிகளும் மாறி மாறி வருகின்றன. மாறாத பகுதி, பிரைமர் எனும் சிறு டிஎன்ஏ துண்டு ஒட்ட இடம் தருகிறது. மாறும் பகுதி சொந்தத்தைக் காட்டுகிறது. கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-இல் இதே மூலக்கூற்றை ஒப்பிட்டுத்தான் ஆர்க்கியா என்ற தனி உயிர்க்கிளையைக் கண்டார்கள்.

இந்த மரபணுவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் செய்முறையில் 27எஃப், 1492ஆர் என்ற இரண்டு பிரைமர்கள் வழக்கமாகப் பயன்படும். 95 டிகிரியில் ஐந்து நிமிடம். பிறகு 95-இல் 30 வினாடி, 55-இல் 30 வினாடி, 72-இல் 90 வினாடி என்று 30 சுற்று. கடைசியில் 72-இல் பத்து நிமிடம். ஒரு சதவீத அகரோஸ் ஜெல்லில் 1,500 அருகே ஒற்றைப் பட்டை தெரிய வேண்டும். பட்டையே வரவில்லை என்றால் டிஎன்ஏ-வில் அழுக்கு இருக்கலாம். பத்து மடங்கு நீர்த்து மறுபடி வையுங்கள், பெரும்பாலும் வந்துவிடும். டிஎன்ஏ சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயில் பட்டை வந்தால் அன்றைய சோதனை முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

வரிசை படிக்க அனுப்பும்போது பணத்தை மிச்சம் பிடிக்க ஒரு பக்கம் மட்டும் படிப்பார்கள். அங்கேதான் கெடுகிறது. ஒரு பக்கப் படிப்பில் நம்பத்தக்கது 700 முதல் 900 எழுத்து. இரண்டு பக்கமும் படித்து, தொடக்கத்திலும் முடிவிலும் குழம்பிய எழுத்துகளை வெட்டி, நடுவில் இணைத்து 1,400-க்கு மேல் ஒரே வரிசையாகச் சேர்க்க வேண்டும். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை எண்ணால் பாருங்கள். சிற்றின எல்லைக்கு இன்று பரவலாகப் பயன்படும் அளவு 98.65 சதவீதம். 1,450 எழுத்தில் அது ஏறத்தாழ 20 எழுத்து வேறுபாடு. மோசமான படிப்பில் ஐந்து எழுத்து தப்பாக இருந்தால் அதுவே 0.34 சதவீதம். உண்மையில் 98.9 இருந்த ஒன்று 98.6 ஆகி, இல்லாத 'புதிய சிற்றினம்' பிறந்துவிடும். எழுத்து வரிசையை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். குரோமட்டோகிராம் எனும் சிகர வரைபடத்தையும் கேட்டு வாங்கிக் கண்ணால் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு சிகரம் என்பது வரிசை நெடுகத் தொடர்ந்து வந்தால் வளர்ப்பு கலந்திருக்கிறது. ஓரிரு இடத்தில் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். ஈ.கோலையில் இந்த மரபணு ஏழு பிரதிகளும் பேசிலஸ் சப்டிலிஸில் பத்துப் பிரதிகளும் உண்டு. பிரதிகளுக்குள் சிறு வேறுபாடு இயல்பு.

அடுத்தது தேடல். மரபணு வரிசைகளின் பொதுக் கிடங்கான என்சிபிஐ தளத்தின் பிளாஸ்ட் தேடலில் வரிசையைப் போட்டதும் முதலில் வரும் பெயரை எடுத்து எழுதுவது மிகப் பரவலான பிழை. அந்தக் கிடங்கில் யார் வேண்டுமானாலும் வரிசையைப் பதியலாம், தப்பான பெயரோடும் பதிந்திருக்கிறார்கள். டைப் ஸ்ட்ரெய்ன்களின் வரிசைகளோடு மட்டும் ஒப்பிடும்படி வடிகட்டித் தேடுங்கள், அல்லது அதற்காகவே உள்ள ஈஸிபயோகிளவுட் தளத்தைப் பயன்படுத்துங்கள். நெருங்கிய பத்துப் பதினைந்து டைப் ஸ்ட்ரெய்ன்களை எடுத்து, தூரத்துச் சொந்தம் ஒன்றை வெளிக்குழுவாகச் சேர்த்து, மெகா போன்ற மென்பொருளில் வம்சாவளி மரம் வரைய வேண்டும். ஆயிரம் முறை பூட்ஸ்ட்ராப் செய்து (தரவை மாற்றி மாற்றி எடுத்து மரத்தை மறுபடி வரைந்து பார்த்து), ஒரு கிளைக்கு 70 சதவீதத்துக்குக் கீழே ஆதரவு வந்தால் அந்தக் கிளையை நம்பி எதையும் எழுதாதீர்கள்.

இப்போது ஓர் உதாரணம். சடையங்குப்பம் பக்கத்து மண்ணிலிருந்து மஞ்சள் காலனி ஒன்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். மிக நெருங்கிய டைப் ஸ்ட்ரெய்னோடு 97.2 சதவீதம் என்று வந்தால், புதிய சிற்றினம் என்ற சந்தேகம் வலுக்கிறது. 94.5-க்குக் கீழே போனால் புதிய பேரினமாகவே இருக்கலாம். 99.4 என்று வந்தால்? பலர் இங்கே 'பழையதுதான்' என்று மூடிவிடுகிறார்கள். அதுவும் அவசரம். ஆந்த்ராக்ஸ் நோயை உண்டாக்கும் பேசிலஸ் ஆந்த்ராசிஸ், பயிர்ப் புழுக்களைக் கொல்லப் பயன்படும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ், சோற்றில் நஞ்சாகும் பேசிலஸ் சீரியஸ் மூன்றுக்கும் 16எஸ் 99 சதவீதத்துக்கு மேல் ஒன்றுபோல இருக்கும். குறைந்த எண் 'வேறு' என்று உறுதியாகச் சொல்லும். உயர்ந்த எண் 'அதேதான்' என்று சொல்லாது.

முழு ஜீனோம் சொல்லும் தீர்ப்பு

அந்தத் தீர்ப்பை இன்று முழு ஜீனோம், அதாவது பாக்டீரியாவின் மொத்த டிஎன்ஏ வரிசை, தருகிறது. முன்பு இரண்டு பாக்டீரியாவின் டிஎன்ஏ-வைச் சூடாக்கிப் பிரித்து, ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டுகிறது என்று ஆய்வகத்தில் அளந்தார்கள். 1987-இல் வகுத்த விதிப்படி 70 சதவீதத்துக்கு மேல் என்றால் ஒரே சிற்றினம். கடினமான சோதனை, ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் மாறும். இப்போது அதையே கணினியில் கணக்கிடுகிறார்கள், எல்லை அதே 70. கூடவே சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை, சுருக்கமாக ஏஎன்ஐ. இரண்டு ஜீனோம்களைத் துண்டுகளாக்கி, பொருந்தும் துண்டுகளில் எத்தனை எழுத்து ஒன்று என்று சராசரி எடுப்பது. 95 முதல் 96 சதவீதம் எல்லை. அதற்குக் கீழே வேறு சிற்றினம். 95-க்கும் 96-க்கும் இடையில் விழுந்தால் மற்றச் சான்றுகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வகைப்படுத்தலுக்கு அனுப்பும் ஜீனோம் குறைந்தது 50 மடங்கு ஆழத்தில் (ஒவ்வொரு எழுத்தும் சராசரியாக 50 முறை) படிக்கப்பட்டிருக்க வேண்டும். செக்எம் போன்ற மென்பொருளில் முழுமையையும் கலப்படத்தையும் பாருங்கள். கலப்படம் 5 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ப்பைத் தூய்மையாக்கும் படிக்கே திரும்ப வேண்டும். இன்னொரு எளிய, தவறவே விடக் கூடாத சோதனை: ஜீனோமுக்குள் இருக்கும் 16எஸ் வரிசையும் நீங்கள் முதலில் தனியாகப் படித்த 16எஸ் வரிசையும் ஒன்றா? இல்லையென்றால் குழாய் மாறிவிட்டது. டிஒய்ஜிஎஸ் என்ற இலவச இணையச் சேவையில் ஜீனோமை ஏற்றினால், அதுவே நெருங்கிய டைப் ஸ்ட்ரெய்ன்களைத் தேடி, ஒற்றுமையைக் கணக்கிட்டு, மரமும் வரைந்து தருகிறது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல உதவி இல்லை.

உடலையும் காட்ட வேண்டும்

ஜீனோம் வந்தபின் மற்றச் சோதனைகள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சிற்றின விளக்கத்தில், அந்த உயிர் எப்படி இருக்கிறது, எதில் வளர்கிறது என்றும் எதிர்பார்க்கிறார்கள். ஜீனோம், வேதியியல், நடத்தை மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் இந்த அணுகுமுறைக்கு 1970-இல் நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் வழி வகுத்தார்.

வெப்பநிலை, பிஎச், உப்பு ஆகியவற்றில் எந்த எல்லை வரை வளர்கிறது, எதில் சிறப்பாக வளர்கிறது என்று அட்டவணையிட வேண்டும். செல் சவ்வின் கொழுப்பமிலங்கள், குவினோன் வகை, முனைவுக் கொழுப்புகள், கிராம்-பாசிட்டிவ் என்றால் செல் சுவரின் அமினோ அமிலம் ஆகியவையும் பார்ப்பார்கள். இவற்றில் கொழுப்பமிலம்தான் அதிகம் ஏமாற்றுவது. ஒரே பாக்டீரியா 25 டிகிரியில் ஒரு விகிதமும் 37 டிகிரியில் வேறு விகிதமும் காட்டும். குளிரில் சவ்வு உறையாமலிருக்க அது தன் கொழுப்பை மாற்றிக்கொள்கிறது. ஆகவே உங்கள் பாக்டீரியாவின் அளவை, பழைய கட்டுரையில் அச்சான நெருங்கிய சொந்தத்தின் அளவோடு ஒப்பிட்டால் அந்த ஒப்பீடு செல்லாது. நெருங்கிய இரண்டு மூன்று டைப் ஸ்ட்ரெய்ன்களைச் சேகரிப்பு மையத்திலிருந்து வரவழைத்து, அதே ஊடகம், அதே வெப்பநிலை, அதே வளர்ச்சிக் கட்டத்தில் உடன் வளர்த்து, ஒரே நாளில் ஒன்றாக அளக்க வேண்டும். இந்தச் செலவைத் தவிர்க்க நினைப்பவர்கள் புதிய சிற்றினத்தை அறிவிக்க முயல வேண்டாம்.

ஒரே ஒரு ஸ்ட்ரெய்னை வைத்துச் சிற்றினம் அறிவிக்க விதி அனுமதிக்கிறது. ஆனாலும் கழிமுகத்தின் வேறு இரண்டு மூன்று இடங்களிலிருந்து அதே சிற்றினத்தைத் தேடிப் பிடிப்பது நல்லது. எது சிற்றினத்தின் குணம், எது அந்த ஒன்றின் குணம் என்று அப்போதுதான் தெரியும்.

பெயரும் ஒப்படைப்பும்

பாக்டீரியாவின் பெயர்கள் சர்வதேசப் பெயரிடல் விதிகளுக்கு உட்பட்டவை. பழைய பெயர்க் குழப்பங்களைத் தீர்க்க, 1980 ஜனவரி 1 அன்று அங்கீகரித்த பட்டியலிலிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்கினார்கள். பெயர் இலத்தீன் இலக்கணப்படி அமைய வேண்டும். பேரினத்தின் பாலுக்கேற்ப ஈறு மாறும். அதனால்தான் பேசிலஸ் இன்டிகஸ், ஆனால் எக்ஸிகுவோபாக்டீரியம் இன்டிகம். ஊர்ப் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ வைக்கலாம்: இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பலூன் மேலடுக்கு வளிமண்டலத்திலிருந்து கொண்டுவந்த ஒன்றுக்கு 2009-இல் பேசிலஸ் இஸ்ரோனென்சிஸ் என்று பெயரிட்டார்கள். கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது வழக்கமில்லை.

பெயர் செல்லுபடியாக, டைப் ஸ்ட்ரெய்னை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள, யாரும் கேட்டுப் பெறக்கூடிய சேகரிப்பு மையங்களில் ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். இந்தியாவில் சண்டிகரில் எம்டிசிசி, புனேயில் தேசிய நுண்ணுயிர் வள மையம். வெளிநாட்டில் ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட், ஜப்பானின் ஜேசிஎம் போன்றவை. இந்திய உயிரி வளத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவது 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்டது. அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு, புதிய உயிரினத்தைக் கண்டுபிடித்தவர் அதன் மாதிரியை இந்தியாவில் நியமிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. இதற்கான தேசிய ஆணையம் சென்னையிலேயே, தரமணியில் இருக்கிறது. கட்டுரை எழுதி முடித்தபின் இந்தக் கடிதப் போக்குவரத்தைத் தொடங்கினால் மாதங்கள் ஓடிவிடும். 16எஸ் எண் நம்பிக்கை தந்த அன்றே தொடங்குங்கள்.

விளக்கத்தை, பாக்டீரியா வகைப்பாட்டுக்கான சர்வதேச இதழான ஐஜேஎஸ்இஎம்-இல் வெளியிட்டால் பெயர் நேரடியாகச் செல்லுபடியாகும். வேறு இதழில் வெளியிட்டால், ஐஜேஎஸ்இஎம்-இன் அங்கீகாரப் பட்டியலில் சேர்க்கும்படி தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பெயர்கள் செல்லுபடியாகாமல் மேற்கோள் குறிக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. தட்டில் வளர்க்கவே முடியாதவற்றுக்கு, ஜீனோமையே மாதிரியாக ஏற்கும் சீக்கோட் என்ற தனி விதித்தொகுப்பு 2022-இல் வந்திருக்கிறது.

பெயர் வைத்தபின்னும் பேரினம் மாறக்கூடும். மண் பாக்டீரியா படிப்பவர்கள் எல்லோரும் அறிந்த பேசிலஸ் மெகாடீரியம் 2020-இல் பிரீஸ்டியா மெகாடீரியம் ஆனது. இஸ்ரோனென்சிஸ் இப்போது சொலிபேசிலஸ் பேரினத்தில் இருக்கிறது. பெரும்பிரிவுகளின் பெயர்களும் 2021-இல் மாறின: ஃபெர்மிக்யூட்ஸ் இன்று பேசில்லோட்டா, புரோட்டியோபாக்டீரியா இன்று சூடோமோனடோட்டா. எழுதுமுன், பாக்டீரியாப் பெயர்களைப் பட்டியலிடும் எல்பிஎஸ்என் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், பாடநூல் பின்தங்கியிருக்கும்.

பெரும்பாலான தேடல்கள் புதிய சிற்றினத்தில் முடிவதில்லை, ஏற்கெனவே பெயருள்ள ஒன்றில்தான் முடிகின்றன. அதைக் குப்பையில் போடாதீர்கள். 16எஸ் வரிசையை ஜென்பேங்க் எனும் பொது வரிசைக் கிடங்கில் பதியுங்கள், வளர்ப்பை ஒரு சேகரிப்பு மையத்துக்குக் கொடுங்கள். பதியும்போது இடம் என்ற கட்டத்தில் வெறுமனே 'சென்னை' என்று எழுதாமல், கழிமுகத்தின் எந்தக் கரை, எவ்வளவு ஆழம், எந்த மாதம், ஓதம் ஏறும் நேரமா வற்றும் நேரமா, மண்ணில் உப்பு எவ்வளவு, சாம்பலோ எண்ணெயோ படிந்திருந்ததா என்று எழுதுங்கள். பத்தாண்டு கழித்து அதே கரையில் மண்ணெடுத்து, என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வருபவருக்கு அந்த விவரங்கள்தான் வேண்டியிருக்கும்.